வீட்டில் இரண்டு நோயாளிகள்

எல்லோருக்கும் வணக்கம்.

மருத்துவமனையிலிருந்து ஒருவரை டிஸ்சார்ஜ் செய்யும்போது நர்ஸ் ஒரு கேள்வி கேட்பார்: "வீட்டில் யார் பார்த்துக்கொள்வீர்கள்?" கூட வந்தவர்களில் ஒருவர் "நான்தான்" என்பார். உடனே மருந்துச் சீட்டு அவர் கைக்கு வந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரி மாத்திரை தவறக்கூடாது, காய்ச்சல் கண்டால் உடனே கூட்டி வர வேண்டும் என்று வரிசையாகச் சொல்வார்கள். எல்லாம் தேவையானதுதான். ஆனால் "உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கிறது?" என்ற கேள்வி பெரும்பாலும் வருவதில்லை. பார்த்துக்கொள்கிறவர் ஆரோக்கியமானவர், ராத்திரி எழுந்திருப்பார், தூக்குவார், ஓடுவார் என்று வைத்துக்கொண்டுதான் அந்தத் திட்டம் முழுவதும் போடப்படுகிறது. அவருக்கே சுகரோ ஆஸ்துமாவோ இதய நோயோ இருந்தால் அந்தத் திட்டம் முதல் வாரத்திலேயே ஆட்டம் கண்டுவிடும். நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

எனக்கு முடக்குவாதம். நம்முடைய நோய் எதிர்ப்பு மண்டலமே நம் மூட்டுகளைத் தாக்குகிற நோய் அது. என் அக்காவுக்குப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவி, கால்கள் செயலிழந்த பிறகு, அவரைப் பார்த்துக்கொண்டது நான். முடக்குவாதக்காரர்களுக்குத் தெரியும், காலையில் விரல்கள் மடங்காது. இறுக்கம் தளர ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அக்காவின் வலி மாத்திரையோ விடிந்தவுடன் கொடுக்க வேண்டியது. அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுக்கக் கட்டைவிரலில் பலம் இருக்காது. அட்டையை மேசை விளிம்பில் வைத்து உள்ளங்கையால் அழுத்துவேன். மாத்திரை தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போய்விடும். குனிந்து எடுக்க என்னால் முடியாது. படுத்தபடியே அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்புறம், எந்த மாத்திரையை முன்கூட்டியே அட்டையிலிருந்து எடுத்து வைக்கலாம் என்று மருந்தாளுநரிடம் கேட்டுக்கொண்டோம். மாலையில், விரல்கள் இளகியிருக்கும் நேரத்தில், மறுநாள் காலைக்கு வேண்டியதைச் சுலபமாகத் திறக்கிற டப்பாவில் எடுத்து வைத்துவிடுவேன். சின்ன ஏற்பாடுதான். ஆனால் அது என் உடம்பையும் கணக்கில் எடுத்துக்கொண்டு செய்த ஏற்பாடு.

பராமரிப்பவர் உடம்பில் நடப்பதை ஆராய்ச்சியாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1995-ல் 'தி லான்செட்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. மறதி நோய் உள்ள உறவினரைப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்கள், அந்தப் பொறுப்பு இல்லாத, அவர்களை ஒத்த 13 பெண்கள். எல்லோர் கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவுக்குச் சின்னக் காயம் செய்து, ஆற எவ்வளவு நாளாகிறது என்று பார்த்தார்கள். மற்றவர்களுக்குச் சராசரியாக 39.3 நாள். பராமரிப்பவர்களுக்கு 48.7 நாள். நோயாளியைக் கவனித்துக்கொள்கிறவரின் தோலுக்குக்கூட அந்தக் களைப்பு தெரிகிறது என்றால், ஏற்கெனவே நோய் பிடித்த மூட்டுக்கும் சிறுநீரகத்துக்கும் தெரியாமல் போகுமா?

1999-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த இன்னோர் ஆய்வைக் கேட்டுப் பலர் பயந்துபோகிறார்கள். கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொள்ளும் முதியவர்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. பராமரிப்பதால் மன, உடல் அழுத்தத்துக்கு ஆளானதாகச் சொன்னவர்களுக்கு, அந்தப் பொறுப்பு இல்லாதவர்களைவிட இறப்பு அபாயம் 63 சதவீதம் கூடுதலாக இருந்தது. இந்த எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் மறுபாதியை விட்டுவிடுகிறார்கள். பராமரித்தும் அப்படிப்பட்ட அழுத்தம் இல்லை என்று சொன்னவர்களிடம் அந்தக் கூடுதல் அபாயம் காணப்படவில்லை. ஆகவே பராமரிப்பதே ஆளைக் கொல்லும் என்று யாரும் கலங்க வேண்டாம். ஒருவர் மேல் எவ்வளவு ஏற்றி வைக்கிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சுகர் உள்ளவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தூக்கம் கெட்டால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால், அட்ரினலின் இரண்டும் ரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும். அதே மாத்திரை, அதே சாப்பாடு, ஆனால் சர்க்கரை அளவு ஏறிக்கொண்டே போகும். டாக்டர் "வாயைக் கட்டுங்கள்" என்பார். வீட்டில் ராத்திரி நான்கு முறை எழுந்திருக்கிறீர்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொன்னால் மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்ற அவருக்கு வழி இருக்கிறது.

ஆனால் சொல்வதற்கு நமக்கு வாய் வருவதில்லை. "அவர் படுகிற பாட்டுக்கு முன்னால் என் வலி எம்மாத்திரம்?" இந்த வாக்கியத்தை நான் சந்தித்த எல்லாப் பராமரிப்பாளர்களிடமும் கேட்டிருக்கிறேன், நானும் சொல்லியிருக்கிறேன். அன்பினால் வருகிற வார்த்தைதான். அதன் விளைவை நான் அக்காவிடம்தான் பார்த்தேன். என் மணிக்கட்டு வீங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, ராத்திரி வலி வந்தாலும் என்னை எழுப்பாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். தலையணை உறை காலையில் நனைந்திருக்கும். வலி நேரம் தவறி வந்தால் இடையில் கொடுக்க மார்ஃபின் என்ற வலி மருந்தை எழுதித் தந்திருந்தார்கள். கேட்டால்தானே கொடுக்க முடியும்? நான் என் வலியை மறைக்க, அவர் தன் வலியை மறைக்க, மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் இரண்டு பேருமே வலியோடு கிடந்தோம்.

அதற்கப்புறம் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். வலித்தால் அவர் என்னை எழுப்பிவிட வேண்டும். என் கை ஒத்துழைக்காத நாளில் "இன்றைக்கு என்னால் புரட்ட முடியாதுக்கா" என்று நான் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொன்ன நாட்களில் தம்பி மகன் வந்து புரட்டினான். முதலில் கூச்சப்பட்ட அக்கா பிறகு அவனோடு பேசிக்கொண்டே திரும்பிப் படுக்கப் பழகிவிட்டார்.

தூக்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், முதுகும் தோளும் போவது அதில்தான். நோயாளியைக் கையால் தூக்கும்போது 16 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்று அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் பரிந்துரைக்கிறார்கள். அதுவும் பயிற்சி பெற்ற, நல்ல உடம்புள்ள ஊழியருக்குச் சொன்னது. 60 கிலோ எடையுள்ளவரின் ஒரு கால் மட்டுமே ஏறக்குறைய 10 கிலோ இருக்கும். ஆக, நோயுள்ள ஒருவர் இன்னொருவரைத் தனியாகத் தூக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. வழுக்கும் துணியை அடியில் விரித்து இழுத்து நகர்த்தலாம், கட்டிலின் உயரத்தைக் கூட்டலாம். டிஸ்சார்ஜுக்கு முன்பே பிசியோதெரபிஸ்டிடம் செய்து காட்டச் சொல்லுங்கள். அவர் எதிரிலேயே நீங்களும் ஒரு முறை செய்து பாருங்கள், உங்கள் கை எங்கே நின்றுபோகிறது என்று அவர் கண்ணால் பார்க்கட்டும்.

மருந்து விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். இரண்டு பேர் மாத்திரையும் ஒரே டப்பாவில் இருக்கவே கூடாது. முடக்குவாதத்துக்கு நான் சாப்பிடும் மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிடுவது. தவறித் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. தூக்கமில்லாத ராத்திரியில் கை மாறிப்போக ஒரு நிமிடம் போதும். வேறு அலமாரி, வேறு நிற டப்பா, மேலே பெரிய எழுத்தில் பெயர். வலி தாங்கவில்லை என்று அவருடைய மாத்திரையில் ஒன்றை நாம் போட்டுக்கொள்வதும் கூடாது.

உறவினர்கள் சொல்வார்கள், "சுவர் இருந்தால்தான் சித்திரம், உடம்பைப் பார்த்துக்கொள்." சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். சுவரை யார் பூசுவது? இங்கே வந்திருக்கும் உறவினர்களைக் கேட்டுக்கொள்கிறேன், அறிவுரையைக் குறைத்துக்கொண்டு நேரத்தைக் கொடுங்கள். பராமரிப்பவர்களும் "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்று சொல்லி அனுப்பாதீர்கள். "செவ்வாய்க்கிழமை நான் என் டாக்டரைப் பார்க்கப் போகணும், பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை நீ இங்கே இரு" என்று நாளையும் நேரத்தையும் சொல்லிக் கேளுங்கள். வருகிறவருக்கும் அதுதான் சௌகரியம்.

இங்கிலாந்தில் 2014-ல் ஒரு பராமரிப்புச் சட்டம் வந்தது. பராமரிப்பவருக்கு உதவி தேவைப்படும் என்று தெரிந்தாலே உள்ளாட்சி அவருடைய தேவைகளைத் தனியாக மதிப்பிட வேண்டும் என்கிறது அது. இவருக்கு இதைச் செய்ய இயலுமா, விருப்பமா, தொடர்ந்து இயலுமா என்று கேட்கச் சொல்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும் இந்தக் கேள்விகளுக்கான பதிலை நாமே எடுத்துக்கொண்டு போகலாம். உறவினரின் ஃபைலில் முதல் பக்கமாக ஒரு தாளை வையுங்கள். உங்கள் நோய் என்ன, நீங்கள் சாப்பிடும் மருந்து என்ன, என்ன வேலை உங்களால் ஆகாது, நீங்கள் படுத்துவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். டாக்டரிடம் நேராகவே சொல்லுங்கள்: "நானும் ஒரு நோயாளி. இந்தத் திட்டத்தில் என்னால் ஆகாததை மாற்றித் தாருங்கள்." வலிதணிப்புச் சிகிச்சைக் குழு இருந்தால் தயங்காமல் கேளுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் விளக்கப்படியே அந்தச் சிகிச்சை நோயாளியோடு சேர்த்துக் குடும்பத்துக்கும் உரியது.

கடைசியாக, பேசத் தயங்குகிற ஒரு விஷயம். அவர் போன பிறகும் நம் நோய் நம்மோடுதான் இருக்கும். நம் மாத்திரை நேரமெல்லாம் அவருடைய மாத்திரை நேரத்தோடு சேர்த்துத்தான் அதுவரை நடந்திருக்கும். அந்தக் கடிகாரம் நின்றவுடன் நம்முடையதும் கலைந்துபோகும். அக்கா போன அந்த வாரத்தில் எனக்கு நாள் கிழமையே தெரியவில்லை. என் வாராந்தர மாத்திரையை நினைவுபடுத்தியது தம்பி மகன்தான். துக்கம் விசாரிக்கப் போகிற வீட்டில், பார்த்துக்கொண்டிருந்தவர் எந்த மருந்து சாப்பிடுகிறார் என்று ஒருவராவது கேட்டுவிட்டு வாருங்கள். அந்த மாதத்துக்குள் அவரை அவருடைய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

சரி, உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.