எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் புற்றுநோய் வராதா? இதைப் பேசியே ஆக வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். இன்று நியூட்ரோபில் என்ற வெள்ளை அணு வகையைப் பற்றிப் பேசுவதாகத்தான் சொல்லியிருந்தேன். அது அடுத்த வீடியோவுக்குத் தள்ளிப் போகிறது. காரணம், இந்த வாரம் முழுக்க என் போனில் ஒரே விளம்பரம் திரும்பத் திரும்ப வருகிறது. "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுங்கள், புற்றுநோய் கிட்டவே வராது." கூடவே ஒரு கார்ட்டூன்: வெள்ளை அணுக்கள் வேலும் கேடயமுமாக நிற்க, எதிரே ஒரு கறுப்பு அசுரன். இந்தப் போர்க்கள கார்ட்டூன் எனக்கு எவ்வளவு எரிச்சல் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். வெறுமனே பிடிக்காது என்றால் விட்டுவிடலாம். இது தவறு. புற்றுநோய் வந்த ஒருவர் இதைப் பார்த்து, "என் உடம்பில் சக்தி குறைந்ததால்தான் இது வந்தது" என்று நம்பிவிடுவார். அது எனக்குத் தாங்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எதிர்ப்புச் சக்தி என்று ஒரே ஒரு அளவு உடம்பில் கிடையாது. அங்கே இருப்பவை பல வகைச் செல்கள். அதில் சில கட்டியைக் கொல்கின்றன, சில அதே கட்டியை வளர்த்து விடுகின்றன. இன்னும் மோசம், ஒரே வகைச் செல் இடத்தைப் பொறுத்து இரண்டையும் செய்யும்.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று 2001-இல் வந்த இரண்டு எலி ஆய்வுகள். இரண்டும் ஒரே ஆண்டு! முதலாவது ராபர்ட் ஷ்ரைபர் குழுவினுடையது. டி செல், பி செல் என்ற வெள்ளை அணு வகைகள் எதுவும் உருவாகாத எலிகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றுக்குச் சாதாரண எலிகளைவிட அதிகமாகக் கட்டிகள் வந்தன. அதாவது இந்தச் செல்கள் காவல் காக்கின்றன. இரண்டாவது, ஜெஃப்ரி பொலார்டும் அவருடைய கூட்டாளிகளும் செய்தது. மேக்ரோபேஜ்கள் (குப்பையைத் தின்னும் எதிர்ப்புச் செல்கள்) வளரத் தேவையான சிஎஸ்எஃப்-1 என்ற புரதம் இல்லாத எலிகள். மார்பகக் கட்டி அவற்றுக்கும் வழக்கம்போல வந்தது. ஆனால் அது முற்றிப் போவது தாமதமானது, நுரையீரலுக்குப் பரவுவதும் வெகுவாகக் குறைந்தது. ஒரு எதிர்ப்புச் செல்லை எடுத்தால் புற்றுநோய் கூடுகிறது, இன்னொன்றை எடுத்தால் பரவல் குறைகிறது. இப்போது சொல்லுங்கள், அந்த விளம்பரம் எதைக் "கூட்ட"ச் சொல்கிறது?

மேக்ரோபேஜ் ஏன் இப்படிச் செய்கிறது? கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அதன் வேலையே அதுதான். காயம் பட்டால் அங்கே ஓடி வந்து குப்பையைத் தின்னும், புதிய ரத்த நாளங்கள் முளைக்கச் சொல்லி விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்கும், திசுவைச் சீரமைக்கும். சாதாரணக் காயம் ஆறியதும் இதெல்லாம் ஓய்ந்துவிடும். கட்டியில் ஓய்வதில்லை. 1986-இல் ஹெரால்ட் டுவோராக் கட்டிகளை "ஆறாத காயங்கள்" என்று எழுதினார். இந்தத் துறையில் நான் படித்ததிலேயே மிகச் சரியான வர்ணனை அதுதான். புற்றுச் செல் சிஎஸ்எஃப்-1 சுரந்து மேக்ரோபேஜைக் கூப்பிடுகிறது. மேக்ரோபேஜ் பதிலுக்கு இஜிஎஃப் என்ற இன்னொரு புரதத்தைச் சுரந்து புற்றுச் செல்லை நகரத் தூண்டுகிறது. இரண்டும் சேர்ந்தே ரத்த நாளத்தை நோக்கி ஊர்கின்றன.

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், விட்டுப்போனது: இதெல்லாம் புதுக் கதை இல்லை. 1863-லேயே ருடால்ஃப் விர்ச்சோவ் கட்டிகளுக்குள் வெள்ளை அணுக்களைப் பார்த்துவிட்டு, நாள்பட்ட அழற்சி (காயத்துக்கோ கிருமிக்கோ எதிராக எதிர்ப்புச் செல்கள் கூடும் எதிர்வினை) இருக்கும் இடத்தில்தான் புற்றுநோய் கிளம்புகிறது என்று சொன்னார்.

இப்போது என் வெற்றிக் கதை. இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஹ்யூமன் புரோட்டீன் அட்லஸ் என்று சுவீடன் விஞ்ஞானிகள் 2003-இல் தொடங்கிய ஒரு திட்டம் இருக்கிறது. மனிதத் திசுக்களைச் சாயம் ஏற்றி எடுத்த படங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். எனக்கு உயிர் அந்தத் தளம்! செல்களின் உட்கரு நீலமாகத் தெரியும், நாம் தேடும் புரதம் பழுப்பாகத் தெரியும். மேக்ரோபேஜில் இருக்கும் சிடி68 என்ற புரதத்தைத் தேடினால் மேக்ரோபேஜ்கள் பழுப்பு நிறத்தில் வரும். பெருங்குடல் கட்டிப் படம் ஒன்றைத் திறந்தேன். முதலில் எல்லாம் ஒரே நீலக் கலவரம். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தபோது, புற்றுச் செல்கள் வரிசையாக வளைந்து சுரப்பி மாதிரி நிற்பது மெல்லப் பிடிபட்டது. அந்த வளைவுகளுக்கு நடுவே, இடுக்குகளில், ஒழுங்கில்லாத பழுப்புத் திட்டுகள். மேக்ரோபேஜ்! யாரும் அம்புக்குறி போட்டுக் காட்டாமல் நானே கண்டுபிடித்தேன். அவ்வளவு சந்தோஷம். அப்புறம் இன்னொரு படம், இன்னொரு படம் என்று போய்க்கொண்டே இருந்தேன்.

ஒரே சிக்கல். எனக்குக் கட்டியின் ஓரம் வேண்டும், அதாவது கட்டி முடிந்து நல்ல திசு தொடங்கும் எல்லை. அந்தத் தளத்துப் படங்கள் சுமார் 1 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டத் துண்டுகள். அதற்குள் எல்லை வந்து சிக்குவது அபூர்வம். தேடித் தேடிக் கண் வலித்ததுதான் மிச்சம். திட்டத்தின் மேல் குறை சொல்ல மாட்டேன், அவர்களுடைய நோக்கம் வேறு.

ஓரம் ஏன் அவ்வளவு முக்கியம்? ஜெரோம் காலோன் என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழு 2006-இல் பெருங்குடல் கட்டிகளில் இதைத்தான் எண்ணியது: மையத்தில் எத்தனை டி செல், ஓரத்தில் எத்தனை. இரண்டு இடத்திலும் அடர்த்தியாக இருந்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது. கட்டி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்கும் வழக்கமான நிலைக் கணக்கைவிட இந்த எண்ணிக்கை நன்றாகவே முன்னறிவித்தது. செல் எங்கே நிற்கிறது என்பதே சேதி. ஓரத்தில் கூட்டமாக நின்றுகொண்டு உள்ளே நுழையாத டி செல்களால் பெரிய பயன் இல்லை.

உள்ளே நுழைந்தாலும் அடக்கி வைக்க ஆள் இருக்கிறது. ஒழுங்குபடுத்தும் டி செல்கள். 2025 நோபல் பரிசு மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும் கிடைத்ததே, அந்த விஷயம். நம் உடம்பை நாமே தாக்காமல் தடுக்கும் செல்கள் இவை. பல கட்டிகளில் இவை நிறைய இருந்தால் நல்ல அறிகுறி இல்லை. ஆனால் பெருங்குடல் புற்றுநோயில் பல ஆய்வுகள் நேர்மாறாகக் காட்டுகின்றன, இவை இருப்பவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள். அங்கே பாக்டீரியா கிளப்பும் அழற்சியை இவை தணிப்பது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். "நல்ல செல், கெட்ட செல்" பட்டியல் போடுபவர்கள் இதை என்ன செய்வார்கள்?

அடக்கும் பிரேக்கை உண்மையிலேயே தளர்த்தும் மருந்துகள் இருக்கின்றன. டி செல்லின் பிரேக்குகளான சிடிஎல்ஏ-4, பிடி-1 என்ற புரதங்கள் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹொஞ்சோ இருவருக்கும் 2018-இல் நோபல் கிடைத்தது. அமெரிக்காவில் 2011-இல் அனுமதி பெற்ற இபிலிமுமாப்தான் இந்த வகையில் முதல் மருந்து. மெலனோமா என்ற தோல் புற்றுநோய் முற்றியவர்களில் சிலரைப் பல ஆண்டுகள் வாழ வைத்தது. அதற்கு விலையும் உண்டு. தளர்ந்த டி செல்கள் குடலையும், தைராய்டையும், நுரையீரலையும், அரிதாக இதயத்தையும் தாக்கும். எதிர்ப்பைக் கூட்டுவது என்றால் நிஜத்தில் அப்படித்தான் இருக்கும், மருத்துவர் பக்கத்திலேயே இருந்து கவனிக்க வேண்டிய வேலை.

அழற்சியைக் குறைத்தால்? வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபேக்டர் பைலோரி ஆண்டுக் கணக்கில் அழற்சியைக் கிளப்பித்தான் இரைப்பைப் புற்றுநோய்க்கு வழி போடுகிறது. அந்தக் கிருமியை ஒழித்தால் ஆபத்து குறைகிறது. காண்டோஸ் என்ற சோதனை இன்னும் சுவாரசியம். மாரடைப்பு வந்த 10,061 பேருக்கு, இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அழற்சிச் சேதிப் புரதத்தைத் தடுக்கும் மருந்தையோ போலி மருந்தையோ கொடுத்தார்கள். எதிர்பார்த்தது இதயத்துக்கு நன்மை. 2017-இல் முடிவைப் பார்த்தால், அதிக அளவு மருந்து வாங்கியவர்களில் நுரையீரல் புற்றுநோயும் வெகுவாகக் குறைந்திருந்தது! ஆனால் தொற்றால் இறந்தவர்கள் கொஞ்சம் கூடினார்கள். அப்புறம் அதே மருந்தை, ஏற்கெனவே நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனைகள் தோற்றுப்போயின. கட்டி முளைக்கும்போது அழற்சி செய்யும் வேலை வேறு, வளர்ந்தபின் நடப்பது வேறு என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அந்த மருந்தின் பெயரைச் சொல்லாமலே போய்விட்டேன்: கேனகினுமாப். அடுத்த வீடியோவில் நியூட்ரோபில், இந்த முறை கண்டிப்பாக. தூங்கிக் கிடந்த புற்றுச் செல்களை அது வலை வீசி எழுப்பிவிட்ட 2018 எலி ஆய்வையும் எடுத்து வருகிறேன்.