சருகுத் தரையில் ஆறுமணிக்குருவி

நேயர்களுக்கு வணக்கம். புரட்டாசி, ஐப்பசி மாதங்களில், விடியும் முன்னரோ பொழுது சாயும் நேரத்திலோ, தோட்டத்துப் புதருக்குள்ளிருந்து இரண்டு சுரங்களில் தெளிவாக எழும் சீழ்க்கை ஒன்றைக் கேட்டு, அழைப்பது யார் என்று நீங்கள் எட்டிப் பார்த்திருக்கக்கூடும். அதுதான் ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, நீலம் மினுங்கும் தோள், வெளிர் பழுப்பு வயிறு, வாலடியில் சிவப்பு, கண்ணை ஊடறுக்கும் கறுப்புப் பட்டை என இத்தனை நிறங்கள் இருந்தும், மைனாவைவிடச் சற்றுச் சிறிய இப்பறவை பலர் கண்ணில் படுவதில்லை. மரங்களுக்கும் புதர்களுக்கும் அடியில், நிழல் விழும் தரையில் அது இரை தேடுவதே காரணம்.

கோடியக்கரைக் காட்டில், பாலை மரங்களின் கீழ் அசையாமல் உட்கார்ந்து ஒரு குருவியை நெடுநேரம் பார்த்தேன். அது இரண்டு தத்துத் தத்தி நின்றது. குட்டை வாலை மெல்ல ஏற்றி இறக்கியது. பிறகு சருகு ஒன்றின் விளிம்பில் அலகைச் செருகிப் பக்கவாட்டில் வீசியது. அடியில் ஒன்றுமில்லை. அடுத்த சருகையும் அவ்வாறே வீசியது. நாலைந்து சருகுகளுக்குப் பிறகு ஈர மண்ணிலிருந்து ஒரு மண்புழுவை இழுத்து, தரையில் இருமுறை அடித்து விழுங்கியது. மீண்டும் தத்தல், நிற்றல், சருகு புரட்டல். வெளியிலிருந்து பார்த்தால் அலைச்சலாகத் தோன்றும். உண்மையில் அது ஓரடி நிலத்தையும் விடாத தேடல்.

இதனால்தான் சருகைப் பற்றி வாய்ப்புக் கிடைக்கும் இடமெல்லாம் பேசுகிறேன். சருகு குப்பையன்று. அது மண்ணின் ஈரத்தைக் காக்கிறது. அந்த ஈரத்தில்தான் புழுவும் பூச்சியும் கரையானும் பெருகுகின்றன. தோட்டத்தைத் துப்புரவாகப் பெருக்கிச் சருகைக் கொளுத்திவிட்டால், வடக்கிலிருந்து இரவிரவாகப் பறந்து களைத்து இறங்கும் குருவிக்கு அங்கே உண்ண எதுவும் இராது. முற்றம் முழுவதும் வேண்டாம். மரத்தடியில் மட்டுமாவது சருகை விட்டுவையுங்கள் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்.

வந்திறங்கும் நாட்களில் காக்கைகள் துரத்த, இப்பறவை வீடுகளுக்குள் நுழைந்துவிடுவதும் கண்ணாடியில் மோதி விழுவதும் உண்டு. அப்போது வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில், அமைதியான இடத்தில் வைத்திருந்து, தெளிந்ததும் காக்கைகள் அடங்கும் அந்தி நேரத்தில் புதர் ஓரமாக விடுங்கள். காயம் இருந்தால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

நேரம் முடியப்போவதால் கூடு கட்டும் செய்தியைச் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. கோடையில் வடக்கே திரும்பும் இவை, மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரங்களிலும் தென்மேற்குப் பருவமழையை ஒட்டி, சுள்ளி, புல், இலைகளால் பக்கவாட்டு வாயிலுடன் உருண்டையான கூட்டைத் தரையிலோ தாழ்ந்த கிளையிலோ அமைக்கின்றன. நான்கைந்து முட்டைகள் இடும். குஞ்சுகளுக்குத் தாயும் தந்தையும் இரை ஊட்டும். நன்றி, வணக்கம்.