பலகையின் நேரமும் பிள்ளையின் நடையும்

நேயர்களுக்கு வணக்கம். சின்னப் பிள்ளைகளோடு வெளிநாட்டு மலைப்பாதைகளில் நடக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் தூரத்தைத்தான் கேட்கிறார்கள். “ஆறு கிலோமீட்டர்தானே, நடந்துவிடுவான்” என்கிறார்கள். மலையில் கிலோமீட்டரை நம்பாதீர்கள். நேரத்தைக் கேளுங்கள். இதை இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் ஒரு கணக்குச் சொன்னார். இன்றைய அளவில் அது இப்படி: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். நம்முடைய ஆறு கிலோமீட்டரில் 300 மீட்டர் ஏற்றம் இருந்தால், 72 நிமிடமும் 30 நிமிடமும் சேர்த்து 102 நிமிடம். ஆனால் அது தெம்பான பெரியவர் நிற்காமல் நடக்கும் நேரம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதை இரட்டிப்பாக்குங்கள். ஏறக்குறைய மூன்றரை மணி. சாப்பிட, ஒன்றுக்குப் போக, கல் பொறுக்க, ஓடையில் கை நனைக்க இன்னும் ஒன்றரை மணி. ஆக, ஐந்து மணி நேரம்! ஒன்பது மணிக்குக் கிளம்பினால் இரண்டாகிவிடும். ஆல்ப்ஸில் கோடைக்கால இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் திரளும். அதனால்தான் சீக்கிரம் கிளம்பச் சொல்கிறார்கள்.

சுவிட்சர்லாந்தில் வழிகாட்டிப் பலகைகள் மஞ்சள் நிறத்தில் இருக்கும். அவற்றில் நேரமே எழுதியிருக்கும். அதில் ஓய்வு நேரம் சேராது. வெள்ளை–சிவப்பு–வெள்ளைக் குறி தெரிந்தால் அது மலைப்பாதை, செங்குத்தும் குறுகலுமான இடங்கள் வரலாம். வெள்ளை–நீலம்–வெள்ளை என்றால் பிள்ளைகளோடு அந்தப் பக்கமே போக வேண்டாம். கேபிள் காரில் ஏறிப்போனால், கடைசி வண்டி இறங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். அதைத் தவறவிட்டால், களைத்த பிள்ளையோடு மலையை நடந்தே இறங்க வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், நேரத்தைக் கேளுங்கள்.

அடுத்து, குழந்தையை உட்காரவைத்து முதுகில் சுமக்கும் பை. தானாக நிமிர்ந்து உட்காரும் குழந்தைக்கு மட்டும்தான் அது. பிள்ளை 12 கிலோ, பை 3 கிலோ என்றால் பதினைந்தாகிவிடுகிறது. தண்ணீரும் துணியும் இன்னொருவர் தோளுக்குப் போகட்டும். இதில் ஒரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. சுமக்கிறவருக்கு வியர்த்துக் கொட்டும், பையில் இருக்கும் பிள்ளையோ அசையாமல் குளிரில் விறைக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும், காற்று வேறு. தொங்கும் கால்களில் பட்டை அழுத்தினால் பாதம் மரத்துப்போகும். அரை மணிக்கு ஒருமுறை இறக்கி, காலை உதைத்து விளையாட விடுங்கள். கையைத் தொட்டுப் பார்த்தால் போதாது, பிடரியைத் தொட்டுப் பாருங்கள். அது சில்லென்று இருந்தால் உடனே இன்னொரு அடுக்கு உடுப்பு. பருத்தி வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும். பிள்ளை உள்ளே இருக்கும்போது பையைச் சரிவில் நிறுத்தவே கூடாது.

வரைபடத்தில் உயரத்தைக் காட்டும் சமஉயரக் கோடுகளைப் படிப்பது பற்றியும் பேசலாம், ஆனால் காட்டாமல் அதை விளக்க முடியாது, விட்டுவிடுகிறேன்.

காலணியைப் புறப்படும் முன்பே சில வாரம் போட்டுப் பழக்கிவிடுங்கள். விமானத்தில் அது பிள்ளையின் காலிலேயே இருக்கட்டும். பெட்டி தொலைந்தால் சட்டை வாங்கலாம், பழகிய காலணியை வாங்க முடியாது.

நேரம் முடியப் போகிறது, மீதியை வேகமாகச் சொல்கிறேன். 2500 மீட்டருக்கு மேல் பிள்ளையைத் தூங்கவைக்க வேண்டாம். உயரத்தால் தலைவலி வந்தாலும் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. சாப்பிட மறுத்துச் சிணுங்கி வாந்தியெடுத்தால் காத்திருக்காமல் கீழே இறங்குங்கள். பயணக் காப்பீட்டில் ஹெலிகாப்டர் மீட்பு இருக்கிறதா, அந்தக் காப்பீடு எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லுபடியாகும் என்று பணம் கட்டும் முன் படித்துப் பாருங்கள். ஐரோப்பாவில் அவசர எண் 112. தங்கும் இடத்தின் பெயரையும் உங்கள் தொலைபேசி எண்ணையும் சீட்டில் எழுதிப் பிள்ளையின் சட்டைப்பையில் வையுங்கள், மழையில் நனையாத உறைக்குள். வணக்கம்.