வருகிறார்கள், ஆனால் தங்குவதில்லையே? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த முறை வந்த கேள்விகளில் ஒன்றைப் படித்ததும் மற்றவற்றைத் தள்ளி வைத்துவிட்டேன். இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று நெடுநாளாக நான் எதிர்பார்த்திருக்கும் ஒரு கேள்விக்கு இது ரொம்பப் பக்கத்தில் வந்து நிற்கிறது. நண்பர் ஒருவர் வலைப்பதிவு எழுதுகிறார், பெரும்பாலும் எக்செல் சந்தேகங்கள். அவர் கேட்பது இது: "கூகுள் தேடலில் இருந்து நிறைய பேர் வருகிறார்கள், ஒரு பதிவைப் படித்துவிட்டுப் போய்விடுகிறார்கள், திரும்ப வருவதே இல்லை. வாரத்துக்கு எத்தனை பதிவு போட்டால் நிரந்தர வாசகர்கள் கிடைப்பார்கள்?"

எத்தனை பதிவு என்பதை முதலில் முடித்துவிடுகிறேன். வாரம் ஒன்று போதும். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்றாலும் சரிதான். எப்போது வரும் என்று வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும், நடுவில் இடைவெளி விழப்போகிறது என்றால் முன்கூட்டியே ஒரு வரி சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் அந்த எண்ணிக்கையில் ஒன்றுமில்லை.

"திரும்ப வருவதே இல்லை" என்கிறாரே, அதைக் கொஞ்சம் பார்ப்போம். அவர் அனலிடிக்ஸ், அதாவது எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் கணக்கு, அதைப் பார்த்துத்தான் சொல்கிறார். அந்த எண் எப்படி வருகிறது? உங்கள் பக்கத்தைத் திறந்தவரின் பிரவுசரில் குக்கீ என்ற சிறு அடையாளக் குறிப்பு ஒன்று வைக்கப்படுகிறது, அடுத்த முறை வரும்போது அந்தக் குக்கீ இருந்தால் அவர் பழைய ஆள், இல்லையென்றால் புதிய ஆள். இதில் என்ன சங்கடம் என்றால், 2019ல் இருந்து சஃபாரி பிரவுசர் இந்த மாதிரி ஸ்கிரிப்ட் (பக்கத்தில் ஓடும் சிறு நிரல்) வைக்கும் குக்கீயை ஏழு நாளில் அழித்துவிடுகிறது. அப்படியானால் ஐபோனில் பத்து நாளைக்கு ஒரு முறை தவறாமல் வந்து படிக்கிற ஒருவர் உங்கள் கணக்கில் ஒவ்வொரு முறையும் புது ஆள்தான்! காலையில் போனிலும் மாலையில் கணினியிலும் படிப்பவர் இரண்டு ஆள். வாசகர்களுக்கு அனுப்பும் மின்மடலைத் திறந்தவர்கள் எண்ணிக்கையும் இப்படித்தான். மடலில் உள்ள ஒரு படம் இறங்கினால் திறந்ததாகக் கணக்கு, ஆனால் 2021ல் ஆப்பிள் மெயிலில் வந்த மாற்றத்துக்குப் பிறகு வாசகர் திறக்காமலேயே படங்கள் முன்கூட்டி இறக்கப்பட்டுவிடுவதால் திறந்ததாகவே பதிவாகிறது. ஆகவே நண்பரே, உங்களுக்கு நிரந்தர வாசகர்கள் ஏற்கெனவே இருக்கலாம். அந்த ஒரு கட்டத்தை மட்டும் பார்த்து மனம் தளர வேண்டாம்.

சரி, இப்போது என் வழக்கமான பாட்டுக்கு வருகிறேன். தலைப்பு வைப்பது பற்றிய காணொளியிலும் சொன்னேன், மின்மடல் பற்றிப் பேசியபோதும் சொன்னேன், தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு மனப்பாடமே ஆகியிருக்கும். ஒருவர் உங்கள் வாசகர் ஆவது முதல் பதிவில் அல்ல, இரண்டாவது பதிவில். முதல் பதிவுக்கு அவரைக் கொண்டு வந்தது அவருடைய தேவை. அதில் உங்கள் பங்கு குறைவு, அந்த நேரத்தில் வேறு யார் பதில் வைத்திருந்தாலும் அங்கே போயிருப்பார். இரண்டாவதை அவர் தொடுகிறார் பாருங்கள், அங்கேதான் "இந்த ஆள் சொன்னால் கேட்கலாம்" என்ற எண்ணம் தொடங்குகிறது.

நண்பரின் பதிவையே எடுத்துக்கொள்கிறேன், போய்ப் படித்தேன். வீலுக்அப் (பட்டியலில் ஒன்றைத் தேடி அதற்குரிய விவரத்தை எடுத்துத் தரும் எக்செல் சூத்திரம்) போட்டால் என்/ஏ, அதாவது கிடைக்கவில்லை என்று பிழை வருகிறது, ஏன் என்பது தலைப்பு. ரொம்ப நன்றாக எழுதியிருக்கிறார். கண்ணுக்கு இரண்டு கட்டமும் ஒரே மாதிரி தெரிகிறது, ஆனால் ஒன்றில் பெயருக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, வெற்றிடத்தை நீக்கும் டிரிம் சூத்திரம் போட்டால் சரியாகிவிடும், அல்லது ஒரு பக்கம் எண் எண்ணாக இருக்கிறது, மறுபக்கம் அதே எண் எழுத்தாக உட்கார்ந்திருக்கிறது. படிப்பவர் சரிபார்க்கிறார், பிழை போய்விடுகிறது, சந்தோஷமாக ஜன்னலை மூடிவிடுகிறார். பதிவின் அடியில் "தொடர்புடைய பதிவுகள்" என்று நான்கு படங்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்று பிரிண்டர் பற்றியது. யார் அதைத் தொடுவார்கள்?

அதே பதிவின் நடுவில், எண் எழுத்தாக இருக்கும் விஷயத்தைச் சொல்கிற அந்த இடத்திலேயே, "தேதிகளை வரிசைப்படுத்தும்போது தாறுமாறாக வருவதற்கும் பெரும்பாலும் இதே காரணம்தான், அதைத் தனியாக எழுதியிருக்கிறேன்" என்று ஒரு வரி இருந்தால்? வீலுக்அப்போடு மல்லுக்கட்டிய ஆள் தேதியோடும் மல்லுக்கட்டியிருப்பார். அவர் மனதில் அந்தக் கேள்வி எழுகிற இடத்தில் இணைப்பு இருக்க வேண்டும். இயந்திரம் பொறுக்கிப் போடும் பட்டியலுக்கு இது தெரியாது, எழுதியவருக்குத்தான் தெரியும். தேதி பற்றிய பதிவும் அவரிடம் இருக்கிறது, நான் பார்த்தேன். அதைத்தான் இங்கே சேர்க்காமல் விட்டிருக்கிறார், அதனால்தான் இவ்வளவு நேரம் பேசுகிறேன்.

இதிலிருந்து இன்னொன்றும் வருகிறது. தேடலில் வருபவர் நீங்கள் நேற்று எழுதியதைப் பார்ப்பதில்லை, மூன்று வருடத்துக்கு முந்தையதைப் பார்க்கிறார். அவருக்கு அதுதான் உங்கள் முகம். எனக்குத் தெரிந்த ஒருவர் புகைப்பட மென்பொருள் பற்றி எழுதுபவர். அவருடைய பழைய பதிவு ஒன்றைப் படித்த யாரோ, "புதிய பதிப்பில் இந்த மெனு இடம் மாறிவிட்டது" என்று இரண்டு வரி அனுப்பியிருக்கிறார். இவர் அன்றைக்கே பதிவைத் திருத்தி, எந்தத் தேதியில் எது மாறியது என்று மேலே எழுதி, சொன்னவருக்கு நன்றியும் போட்டு, அவருக்குத் தனியாகப் பதிலும் எழுதினார். அந்த ஆள் இன்றைக்கும் ஒவ்வொரு பதிவுக்கும் வருகிறார், சந்தேகம் கேட்கும் மற்றவர்களுக்கு இவருக்கு முன்னால் அவரே பதில் சொல்கிறார். ஒரு பழைய பதிவைச் சரி செய்ய அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்துக்குப் புதுப் பதிவு ஒன்று கிடைத்திருக்குமே என்று கணக்குப் போடாதீர்கள்.

பின்னூட்டமே வருவதில்லை என்று கவலைப்படுபவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். இணையப் பயன்பாட்டை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 2006ல் எழுதியது: இணையச் சமூகங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் படிப்பதோடு சரி, ஒன்பது பேர் எப்போதாவது ஏதாவது சொல்வார்கள், மீதி ஒருவர்தான் பெரும்பகுதியை எழுதுவார். வலைப்பதிவுகளில் இது இன்னும் மோசம், தொண்ணூற்றைந்து பேர் வாயே திறப்பதில்லை என்றார். அந்த மௌனத்தை வெறுப்பு என்று எடுத்துக்கொண்டு எழுத்தையே மாற்றிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன், பார்க்கவே கஷ்டமாக இருக்கும். பிடித்துத்தான் பேசாமல் படித்துக்கொண்டிருந்தார்கள், மாற்றிய பிறகு போய்விட்டார்கள்.

அப்புறம், வந்தவர் திரும்பி வர வழி உங்கள் கையில் இருக்கட்டும். ஆர்எஸ்எஸ் என்பது புதுப் பதிவுகள் வாசகரின் செயலிக்குத் தானாக வந்து சேரும் வழி, கூகுள் ரீடர் அப்படி ஒரு செயலி. 2013 ஜூலையில் அது மூடப்பட்டபோது ஆர்எஸ்எஸ் வழியாகப் படித்தவர்களில் பலர் வேறு செயலிக்கு மாறவே இல்லை. புதுப் பதிவுகளை மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்த ஃபீட்பர்னர் என்ற கூகுள் சேவை 2021ல் அந்த மின்னஞ்சல் சந்தாவை நிறுத்தியபோது முகவரிப் பட்டியலை இறக்கி வைத்தவர்கள் மட்டும்தான் தங்கள் வாசகர்களை வேறு இடத்துக்குக் கூட்டிப் போக முடிந்தது. எந்தச் சேவை வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள், ஆனால் சந்தாதாரர் பட்டியலை இறக்கிக்கொள்ள முடிகிற சேவையாகப் பாருங்கள், அவ்வப்போது இறக்கியும் வையுங்கள். ஆர்எஸ்எஸ்ஸில் முழுப் பதிவையும் கொடுங்கள், பாதியில் வெட்டி "மேலும் படிக்க" என்று இழுக்க வேண்டாம். தேடிப் பிடித்து ஆர்எஸ்எஸ்ஸில் படிப்பவரைவிட விசுவாசமான வாசகர் கிடையாது, அவரைப் போய் ஏன் அலைக்கழிக்க வேண்டும்?

நண்பர் "எத்தனை பதிவு" என்று கேட்டார். நான் எதிர்பார்க்கும் கேள்வி வேறு: "என் பதிவுகளில் எது, ஒரு புது ஆள் இரண்டாவதாகப் படிக்க வேண்டிய பதிவு?" இதற்குப் பெரும்பாலானோரிடம் பதிலே இருக்காது. அதிகம் பேர் பார்த்த பதிவு எது என்று கேட்டால் உடனே சொல்வார்கள். ஆனால் அது முதலாவதாகப் படிக்கப்படுவது. இரண்டாவது என்பது உங்கள் அக்கறை தெரிகிற பதிவு, தேடலில் யாருக்கும் அகப்படாமல்கூடக் கிடக்கலாம், நீங்கள் ஏன் இதையெல்லாம் எழுதுகிறீர்கள் என்பது அதைப் படித்தால்தான் புரியும். நண்பரிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. தரவை உள்ளிடும்போதே எப்படி ஒழுங்காக வைத்தால் பாதிப் பிழைகள் வராது என்று நீளமாக எழுதியிருக்கிறார், அருமையான பதிவு. வேறு எந்தப் பதிவிலிருந்தும் அதற்கு இணைப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நண்பரே, இந்த வாரம் புதிதாக எதுவும் எழுத வேண்டாம். தேடலில் அதிகம் பேர் வந்து இறங்கும் உங்கள் ஐந்து பதிவுகளை எடுங்கள், ஒவ்வொன்றிலும் சரியான இடம் பார்த்து ஒரு வரி சேருங்கள், எங்கே அனுப்புகிறீர்கள் என்று யோசித்துச் சேருங்கள். சேர்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், போய்ப் படித்துப் பார்க்கிறேன். அடுத்த கேள்வி மின்மடலுக்குத் தலைப்பு வைப்பது பற்றி, அதற்கு நேரம் வேண்டும், தனிக் காணொளியாகவே பேசிவிடலாம்.