விலாசம் கேட்கும் ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையை விட்டுவிட்டுக் காரைக்குடிக்கு ஏன் குடிவந்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் காரணம் தண்ணீர். 2019 கோடை உங்களுக்கு நினைவிருக்கும். மடிப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்புக்குத் தண்ணீர் லாரி ராத்திரி பதினொன்றுக்கும் வரும், விடியக்காலம் மூன்றுக்கும் வரும். கீழே போய் நின்று தண்ணீர் பிடித்துவிடுவதற்கு ஆறு குடித்தனத்துக்கும் முறை வைத்திருந்தோம். என் முறை வந்த ஒரு ராத்திரி, தொட்டி மூடிமேல் உட்கார்ந்துகொண்டே போனில் வாடகை வீடு தேட ஆரம்பித்தேன். முதலில் தாம்பரம், அப்புறம் செங்கல்பட்டு. காரைக்குடி என்ற பெயரை எடுத்தவர் என் வீட்டுக்காரர். அவர் இங்கே கல்லூரியில் படித்தவர். "அங்கே சம்பை ஊற்றுத் தண்ணி இருக்கு" என்றார். அந்த ஊரைப் பற்றி அன்றைக்கு அவர் வேறு எதுவுமே சொல்லவில்லை.

சம்பை ஊற்று என்பது ஊரை ஒட்டிய பகுதியில் கிடைக்கும் நிலத்தடி நீர். காரைக்குடிக்காரர்கள் அதைப் பற்றிப் பேசும்போது சொந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார்கள். நான் நம்பவில்லை. குடிவந்த மறுநாள் காலை காப்பி போட்டு மாமியாரிடம் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார், டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். "இதுல என்ன போட்டே?" என்றார். "ஒண்ணும் போடலை அத்தை, அதே பொடிதான்" என்றேன். இன்னொரு டம்ளர் கேட்டார். அவர் இரண்டாவது காப்பி கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சரி, செலவுக்கு வருவோம். நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள். சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்ப்பது வேலை, அதை எந்த ஊரில் உட்கார்ந்தும் பார்க்கலாம். வீட்டுக் கணக்கும் நோட்டுப் போட்டு எழுதுவேன். மடிப்பாக்க நோட்டில் வாடகை இருபத்திரண்டாயிரம், பராமரிப்பு மூவாயிரம், லாரித் தண்ணீர் தனி. காரைக்குடி நோட்டில் வாடகை ஒன்பதாயிரத்து ஐந்நூறு. இதைக் கேட்டதும் பெட்டியைக் கட்டாதீர்கள், மீதிப் பக்கத்தையும் பாருங்கள். காய்கறியில் பெரிய வித்தியாசம் இல்லை. வாரச்சந்தையில் கொஞ்சம் மலிவு, அவ்வளவுதான். பருப்பு, எண்ணெய், காஸ், கரண்ட் எல்லாம் அங்கே என்னவோ இங்கேயும் அதே. உண்மையில் குறைந்த செலவுக்கு நோட்டில் தலைப்பே கிடையாது. அசதியில் ஓட்டலில் வரவழைத்த இட்லி, மழையில் வண்டி கிடைக்காமல் இரட்டிப்பாகக் கொடுத்த ஆட்டோ, பக்கத்தில் இருக்கும் வங்கிக்குப் போக அரைநாள் விடுப்பு. இங்கே வங்கி, தபாலாபீஸ், காய்கறிக் கடை, டாக்டர் எல்லாம் ஸ்கூட்டரில் பத்து நிமிடத்துக்குள். வெறும் வாடகையை மட்டும் நம்பி வந்தவர்கள் வருஷம் திரும்புவதற்குள் கிளம்பிப் போனதையும் பார்த்திருக்கிறேன்.

வீடு தேடிய கதையைச் சொல்லியாக வேண்டும். செட்டிநாடு என்றதும் எல்லோரையும்போல எனக்கும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் பர்மாத் தேக்குத் தூணும்தான் கண்ணில் நின்றன. பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டின் ஒரு பகுதி வாடகைக்கு வருகிறது என்று ஒரு தரகர் அழைத்துப் போனார். சித்திரை மாதம், மத்தியானம் இரண்டு மணி. வெளியே செருப்பில்லாமல் நிற்க முடியாது. முகப்பைத் தாண்டி, பட்டாலையைத் தாண்டி, வளவு என்கிற நடுமுற்றத்துக்குள் கால் வைத்ததும் முதுகில் வேர்வை அடங்கியது. சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், மண்பானையைத் தொட்டதுபோல இருந்தது. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு. நூறு வருஷத்துச் சுவர் கண்ணாடிபோல வழுவழுவென்று இருந்தது. நாலு பக்கத்துக் கூரையும் வளவைப் பார்த்துச் சரிந்திருக்கும். மழை பெய்தால் அண்டாவை வைத்துப் பிடித்துக்கொள்வார்கள். மீதித் தண்ணீர் வடிகால் வழியாகத் தெருவுக்குப் போய் ஊருணியில் சேரும். ஆறு இல்லாத சீமையில் ஊர் கட்டியவர்களுக்குத் தண்ணீர்க் கணக்கு தெரிந்திருக்கிறது. எங்கள் மடிப்பாக்கத்துக் குடியிருப்பைக் கட்டியவருக்கு அது தெரியவில்லை.

அந்த வீடு கிடைக்கவில்லை. அதற்குப் பதினோரு பங்காளிகள். சென்னை, கோயம்புத்தூர், கோலாலம்பூர் என்று ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். ஒன்பது பேர் சரி என்றார்கள். ஒருவர் யோசிக்கிறேன் என்றார், ஒருவர் போனையே எடுக்கவில்லை. முன்பணமாக வாங்கிய ஐயாயிரத்தைத் திருப்பிக் கொடுக்கத் தரகர் நாலு மாதம் இழுத்தடித்தார். ஒப்புக்கொண்டவர்களில் ஒரு பெரியவர் மட்டும் இரண்டு தடவை போன் செய்து வருத்தப்பட்டார். "வாடகையை விடுங்கம்மா, சாயந்தரமானா விளக்கு ஏத்த ஆள் இருந்தாப் போதும்னு நினைச்சோம்" என்றார். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் போய்ச் சம்பாதித்தவர்கள் கட்டிய வீடுகள் இவை. பேரப்பிள்ளைகளும் வெளியூர் போய்விட்டார்கள். ஆளே இல்லாத நீளமான தெருக்களைப் பார்த்தால் எனக்கு இன்னும் சங்கடமாகத்தான் இருக்கிறது, சுற்றுலா வருபவர்கள் அதைப் போய் அழகு என்கிறார்கள். கடைசியில் கழனிவாசல் பக்கம் சிமெண்டு வீடு ஒன்று பிடித்தோம். தரை மொசைக்.

இந்தச் சீமையில் வீட்டு நம்பரைவிட விலாசம் பெரிது. நகரத்தார் என்கிற செட்டியார் குடும்பங்களில் முன்னோர் பெயரின் முதல் எழுத்துகளை வரிசையாகச் சேர்த்துச் சொல்வதைத்தான் விலாசம் என்பார்கள். அந்த நாலு எழுத்தைச் சொன்னால் வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். எங்களுக்கு அப்படி எதுவும் இல்லாததால் ஊரே சேர்ந்து ஒன்று தயாரித்தது. பூக்காரம்மா முதல்நாளே கேட்டார்: "யாரு வீட்டுக்கு வந்திருக்கீக ஆச்சி? எந்த ஊரு? பிள்ளைக எத்தனை? ஐயா என்ன வேலை பாக்குறாக?" நகரத்தார் வீட்டுப் பெண்களைத்தான் ஆச்சி என்பார்கள். நான் ஆச்சி இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. பால்காரர் கேட்டார், இஸ்திரிக் கடைக்காரர் கேட்டார், ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டார்கள். சென்னையில் எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் ஒன்பது வருஷம் இருந்தவளுக்கு இது விசாரணைக் கமிஷன் மாதிரி இருந்தது. முதல் மாதம் முழுக்கக் கடுகடுவென்றுதான் பதில் சொன்னேன்.

மூன்றாம் மாதம் மாமியார் பின்கட்டில் வழுக்கி விழுந்தார். நான் அப்போது செக்காலை ரோட்டில் வங்கியில் நிற்கிறேன். வீட்டுக்காரர் ஊரில் இல்லை. சத்தம் கேட்டு உள்ளே வந்தது பூக்காரம்மா. ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ வந்தது. இஸ்திரிக் கடைக்காரர் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து, அசையாமல் கிடத்தித் தூக்கியிருக்கிறார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது சீட்டில் மாமியார் பெயர், வயது, சர்க்கரை உண்டு என்பது வரைக்கும் எழுதியாகிவிட்டது. அத்தனையையும் சொன்னது பூக்காரம்மா. கேட்டு வைத்திருந்தாரே!

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததுண்டு. பல வீடுகளில் ஒரு தலைமுறையாவது கடல் தாண்டிப் போய், தெரியாத ஊரில் போய் நின்றிருக்கிறது. அது ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொன்று, வெளியூர்ப் பிள்ளைகள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்தது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். 1948 ஜூலையில் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். கலைக்கல்லூரி, பொறியியல் கல்லூரி, பிற்பாடு 1985-இல் பல்கலைக்கழகம் என்று எல்லாம் அழகப்பர் போட்ட விதையில் வந்தவை. அவர் இருந்தது நாற்பத்தெட்டு வயதுகூட நிறையாத வாழ்க்கை. அன்றிலிருந்து தெரியாத முகங்களுக்கு அறை கொடுத்தும் மெஸ் வைத்துச் சாப்பாடு போட்டும் பழகிய ஊர் இது. பொழுதுபோக்குக்கு மால் இல்லை, அது வாஸ்தவம். பங்குனியில் கம்பன் விழா உண்டு. 1939-இல் சா. கணேசன் தொடங்கியது. பட்டிமன்றம் கேட்க ஆட்கள் இடம்பிடித்து உட்காருவதை இங்கேதான் பார்த்தேன்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். மாமியாருக்கு இடுப்பு அறுவை சிகிச்சை மதுரையில்தான் நடந்தது. ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர், ஆம்புலன்ஸில் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். மேலூர் தாண்டும்வரை அவர் முனகியது இன்னும் என் காதில் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு முறை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நோயாளி வீட்டில் இருந்தால் நான் இந்த ஊரைச் சிபாரிசு செய்ய மாட்டேன். வேலை தேட வேண்டிய வயதில் பிள்ளைகள் இருந்தாலும் யோசியுங்கள். என் மகள் சென்னையில்தான் இருக்கிறாள், லீவுக்கு வந்தால் மூன்றாம் நாளே பல்லவன் எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் பார்க்கிறாள். அப்புறம் வெயில். சிமெண்டு வீட்டில் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மேல்.

போன மாதம் அவளைப் பார்த்துவிட்டு நானும் பல்லவனில்தான் திரும்பினேன். புதுக்கோட்டை தாண்டியதும் பெட்டியில் பாதிப்பேர் எழுந்து பையை இறக்க ஆரம்பித்தார்கள். காரைக்குடி ஜங்ஷனில் இறங்கும்போது ராத்திரியாகிவிட்டது. வெளியே வந்து ஆட்டோவில் ஏறி, கழனிவாசல் என்றேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார், நான் பார்த்தே இராத முகம்.

"தெரியும் ஆச்சி, விழுந்தாகளே, அவுக வீடுதானே? இப்ப நடக்குறாகளா?"

நடக்கிறார், கம்பு ஊன்றி நடக்கிறார் என்றேன். வண்டி கிளம்பியது.