அணை யார் கையில்?

(கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றிப் பேச ஒருத்தன் வந்திருக்கிறானே என்று பின்வரிசைப் பெரியவர்கள் பார்ப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள், ஆழியாற்றுத் தண்ணீருக்கு வந்துவிடுகிறேன்.

அமெரிக்காவில் பிளாக் ஐல் என்ற நிறுவனம் அணுப்போரில் அழிந்த உலகில் நடக்கிற ஃபால்அவுட் வரிசையின் மூன்றாவது விளையாட்டைச் செய்துகொண்டிருந்தது. உள்ளுக்குள் அதற்கு வைத்த பெயர் வான் பியூரன். 2003 டிசம்பரில் நிறுவனத்தையே மூடிவிட்டார்கள். மிஞ்சியது விளையாட்டில் வரும் ஒவ்வொரு ஊருக்கும் எழுதிவைத்த திட்டக் குறிப்புகளும், 2007-இல் வெளியே வந்த சின்னச் சோதனைப் பதிப்பும்தான். 2008-இல் ஃபால்அவுட் 3 என்று வந்ததே, அது வேறு நிறுவனம் செய்த வேறு விளையாட்டு.

சரி, குறிப்புகளை மட்டும் வைத்து அந்த உலகம் எப்படி ஓடியிருக்கும் என்று சொல்ல முடியுமா? கதையை மட்டும் படித்தால் பிடிபடாது. எது எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். தொடக்கத்தையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் ஒரு கைதி. குண்டு வெடிக்கிறது, மயக்கம் தெளிந்து பார்த்தால் கதவு திறந்து கிடக்கிறது. ஓடுகிறீர்கள். ரோபோக்கள் விடாமல் துரத்துகின்றன. ஒரு கைதிக்காக ஏன் இத்தனை பாடு? விடை வேறு குறிப்பில் இருக்கிறது: அது பெயருக்குத்தான் சிறை. கொள்ளைநோய்க்காரர்களைப் பிரித்து வைக்கிற இடம். இன்னொரு குறிப்பில் பிரெஸ்பர் என்ற விஞ்ஞானி வருகிறார். வானத்தில் சுற்றும் ஏவுகணைத் தளத்தைப் பிடித்து, அணுகுண்டால் பூமியைக் கழுவிவிட்டு, தன் ஆட்களோடு புதிதாகத் தொடங்குவது அவர் கணக்கு. ஆனால் தப்பியவர்கள் திரும்ப அடைபடும்வரை சிறைக் கணினி வழிவிடாது. ஆக, நீங்கள் ஓடிக்கொண்டிருப்பதுதான் உலகத்தைக் காப்பாற்றுகிறது. உங்களுக்கே அது தெரியாது! இந்த மூன்று தாளும் ஒன்றோடொன்று பொருந்திய ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் ஹூவர் அணை. கொலராடோ ஆற்றில் நிஜமாகவே இருக்கிற அணைதான். விளையாட்டில் அது ஒரு குடியரசின் பிடியில். சீசர் என்பவரின் படை வந்து மோதுகிறது. தமிழ்நாட்டிலிருந்து வரும் ஆழியாற்றுத் தண்ணீரை மணக்கடவு அணைக்கட்டில் வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. என்று அளந்து வாங்குகிற நமக்கு, அணைக்காக ஏன் அடித்துக்கொள்கிறார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். 2010-இல் வந்த ஃபால்அவுட்: நியூ வேகஸ் என்ற விளையாட்டில் இதே அணை, இதே படை. அதைச் செய்த நிறுவனத்திலும் பழைய பிளாக் ஐல்காரர்கள் இருந்தார்கள். உடனே அதிலுள்ளதை எடுத்து வான் பியூரனின் ஓட்டைகளை அடைத்துவிடுகிறார்கள். நான் அதற்கு உடன்பட மாட்டேன். ஏழு வருஷம் கழித்துத் தோன்றிய யோசனையை 2003-இன் தாளில் ஒட்டலாமா? என் நோட்டில் குறிப்பில் இருப்பதைப் பேனாவில் எழுதுகிறேன், என் ஊகத்தைப் பென்சிலில்.

கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து கேட்டார்: "தம்பி, அந்த அணையை மூடிவிட்டால் கீழே இருக்கிற ஊர் என்ன செய்யும்?"

நோட்டை வாங்கிப் பார்த்தார். அந்தப் பக்கம் முழுக்கப் பென்சில்.