மா என்று ஒலித்தால் சொந்தமாகிவிடுமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"மொழிகளுக்கிடையே ஒரே மாதிரி ஒலிக்கும் சின்னச் சொற்கள் காட்டுவது உறவையா, தற்செயலையா?" இதுதான் தலைப்பு. தற்செயலைத்தான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் 'மா' என்ற ஒற்றை எழுத்தைப் பிடித்துக்கொண்டார். தமிழிலும் மா என்றால் குதிரை, சீனத்திலும் மா என்றால் குதிரை. இங்கே அம்மா, அப்பா, கொரியாவில் ஓம்மா, ஆப்பா. ஆங்கிலேயன் சொல்கிற மேங்கோ நம்முடைய மாங்காய். ஆகவே எல்லாம் ஒரே குடும்பம் என்று சொல்லிக் கைதட்டலோடு போய் அமர்ந்தார். நானும் அந்த மாவையே எடுத்துக்கொள்கிறேன், எனக்கு வேறு சொல் வேண்டாம்.

முதலில் நம் வீட்டுக்குள்ளேயே பார்த்துவிடலாம். ஓரெழுத்து ஒருமொழி என்று நன்னூல் 42 சொற்களைச் சொல்கிறது, அதில் ம வரிசையில் ஆறு, அந்த ஆறில் முதலாவது மா. இதற்கு எத்தனை பொருள் தெரியுமா? மாமரம், விலங்கு, குதிரை, இடித்தோ அரைத்தோ எடுத்த மாவு (இலங்கையில் இன்றும் கோதுமை மா, அரிசி மா என்றுதான் சொல்கிறார்கள்), பெரியது, கருமை, திருமகள், இருபதில் ஒரு பங்கு என்ற பின்னம், அப்புறம் நில அளவு. தஞ்சாவூர்ப் பக்கம் போனால் "மூணு மா நிலம் இருக்கு" என்பார்கள். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. வேலியில் இருபதில் ஒன்று என்பதால் நில அளவும் பின்னமும் சொந்தம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாமரத்துக்கும் நில அளவுக்கும் என்ன சொந்தம்? கருமைக்கும் கோதுமை மாவுக்கும்? திருமகள் என்ற பொருள் வடமொழியிலிருந்து வந்து சேர்ந்தது. ஆக, ஒரே மொழிக்குள்ளேயே, ஒரே எழுத்தில், வேறு வேறு வேரிலிருந்து வந்த சொற்கள் ஒரே ஒலியில் வந்து நிற்கின்றன. தமிழுக்குள்ளேயே மாவுக்கும் மாவுக்கும் உறவில்லை என்றால், கடல் தாண்டி இன்னொரு மா கேட்கும்போது மட்டும் எதை வைத்து உறவு என்கிறீர்கள்?

சரி, குதிரைக்கு வருவோம். எதிரணியின் பெரிய ஆயுதம் அது. "மாவும் மாக்களும் ஐயறி வினவே" என்கிறது தொல்காப்பியம். அங்கே மா என்றால் விலங்கு, பொதுவாக விலங்கு. யானையும் மாதான், குதிரையும் மாதான்; அந்தப் பொதுச்சொல்லைத்தான் புலவர்கள் இடம் பார்த்துக் குதிரைக்கு ஆள்கிறார்கள். சீனத்தில் அப்படி இல்லை, அது குதிரை மட்டுமே. இன்னொன்று, சீனத்தில் வெறும் மா என்று ஒரு சொல்லே கிடையாது, சுருதியோடு சேர்ந்துதான் சொல். குரலை உயரத்திலேயே நிறுத்திச் சொன்னால் தாய், மேலே ஏற்றினால் சணல், இறக்கி ஏற்றினால் குதிரை, சட்டென்று இறக்கினால் திட்டுதல், மெல்ல விட்டால் கேள்விக் குறிப்பு. இந்த ஐந்தையும் நம் காது ஒரே மாவாகக் கேட்கிறது, சீனர் காதுக்கு அவை ஐந்து சொற்கள்.

சரி, அதையும் விடுங்கள், காலத்தில் பின்னால் போய்ப் பார்ப்போம். பழைய சீன ஒலிப்பை ஆராய்ந்தவர்கள் குதிரைக்கான சொல்லில் ம-வை அடுத்து ஒரு ர இருந்தது என்று மீட்டெடுத்திருக்கிறார்கள். சீனத்துக்கு உண்மையிலேயே சொந்தக்கார மொழியான பர்மியத்தில் இன்று 'ம்யின்' மாதிரி உச்சரித்தாலும், எழுதும்போது 'ம்ர' என்றுதான் அந்தச் சொல்லைத் தொடங்குகிறார்கள். சொந்தம் என்றால், பின்னோக்கிப் போகப் போக இரண்டு சொல்லும் ஒன்றை ஒன்று நெருங்க வேண்டும். பர்மியமும் சீனமும் நெருங்குகின்றன. தமிழ் மாவும் சீன மாவும் விலகிப் போகின்றன. இதற்கு எதிரணி என்ன சொல்கிறது?

அப்படியானால் பொருள் எப்படி ஒத்துப்போனது என்று கேட்பீர்கள். தமிழ் மாவுக்கு நான் சொன்னது ஒன்பது பொருள், சீன மாவுக்கு ஐந்து. ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்த்தால் 45 ஜோடி வருகிறது. 45 ஜோடியில் ஒன்று பொருந்தியதற்கு நாம் வியக்கிறோம், பொருந்தாத 44-ஐ யாரும் மேடையில் சொல்வதில்லை! உலகத்தில் சுமார் 7,000 மொழிகள் இருக்கின்றன, அவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ம உண்டு, ஆ உண்டு. இரண்டே ஒலி கொண்ட சொல் எங்காவது மோதிக்கொள்ளாமல் இருந்தால்தான் அதிசயம்.

எப்படி மோதுகிறது என்று பாருங்கள். இத்தாலியில் 'மா' என்றால் 'ஆனால்'. வியட்நாமிலும் குரலை இறக்கி 'மா' என்றால் 'ஆனால்'. ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று, எதிரணி கணக்குப்படி இவர்கள் உடன்பிறப்பாக இருக்க வேண்டும். ஆனால் இத்தாலிய மா லத்தீனில் 'மேலும்' என்று பொருள்பட்ட மாகிஸ் என்ற சொல் தேய்ந்து வந்தது. லத்தீன் காலம் வரை பின்னால் போனாலே அதில் க வந்துவிடும், ஸ் வந்துவிடும். வியட்நாமிய மாவுக்கு அந்தப் பக்கம் போக்குவரத்தே கிடையாது. அதே வியட்நாமில் சுருதி மாறினால் மா என்பது பேய், தாய், கல்லறை, நெல் நாற்று என்றெல்லாம் ஆகிவிடுகிறது.

'வேண்டாம், இல்லை' என்ற பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். சமஸ்கிருதத்தில் மா என்றால் 'செய்யாதே' என்று தடுப்பது. அரபியில் மா என்றால் 'இல்லை' ('என்ன' என்றும் பொருள் உண்டு). துருக்கியில் கெல் என்றால் வா, கெல்மே என்றால் வராதே. யாப் என்றால் செய், யாப்மா என்றால் செய்யாதே. மூன்று மொழி, மூன்று வெவ்வேறு குடும்பம். இதில் சமஸ்கிருத மாவுக்கு உண்மையான சொந்தம் கிரேக்கத்தில் இருக்கிறது, அங்கே அது மா கூட இல்லை, 'மே'. ஒலி மாறியிருந்தும் ஏன் சொந்தம் என்கிறார்கள்? சமஸ்கிருதத்தில் ததாமி என்று ஆ வருகிற இடத்தில் கிரேக்கத்தில் திதேமி என்று ஏ வருகிறது, இரண்டுக்கும் 'வைக்கிறேன்' என்றே பொருள், மாவுக்கும் மேவுக்கும் அதே ஒழுங்கு. அச்சாக ஒலித்த அரபிக்கும் துருக்கிக்கும் அந்த ஒழுங்கு இல்லை.

அம்மா அப்பாவுக்கு அதிக நேரம் வேண்டாம். கொரியக் குழந்தை ஓம்மா என்பது உண்மை. சீனக் குழந்தை மாமா, பாபா என்கிறது, கிழக்கு ஆப்பிரிக்காவில் சுவாஹிலி பேசும் குழந்தையும் மாமா, பாபா என்கிறது, மேற்காசியாவின் பழைய மொழியான அரமேயத்தில் தகப்பனுக்கு அப்பா என்றே பெயர். பால் குடிக்கும் குழந்தைக்கு உதடு மூடிய ம-வும் ப-வும் வாய் திறந்த ஆ-வும்தான் முதலில் வருகின்றன, பெற்றவர்கள் அதைத் தங்கள் பெயராக எடுத்துக்கொள்கிறார்கள் என்று ரோமன் யாகப்சன் என்ற மொழியியலாளர் விளக்கினார். யார் எதை எடுத்துக்கொள்வது என்பது அந்தந்த ஊர் வழக்கம்: ஜார்ஜியாவில் மாமா என்றால் அப்பா, அம்மாவுக்கு அங்கே தேதா! நம் வீட்டில் மாமா என்றால் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மேங்கோவை முழு மனதோடு ஒத்துக்கொள்கிறேன். மாங்காய், மலையாளத்தில் மாங்ஙா, போர்த்துகீசியர் வாயில் மாங்கா, ஆங்கிலத்தில் மேங்கோ என்று கப்பலேறிப் போன சொல் அது. யார் கொண்டுபோனார்கள், எந்தக் கரையிலிருந்து போனது என்பதற்கு வரலாறு சாட்சி சொல்வதால்தான் அதை நம்புகிறோம். அதுவும் கடன் போன சொல். கடன் கொடுத்தவனும் வாங்கியவனும் பங்காளி ஆகிவிட முடியாது.

இப்போது பக்கத்து வீட்டுக்கு வாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கன்னடம் நமக்கு ரத்த சொந்தம், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. கன்னடத்தில் 'மாவு' என்று ஒரு சொல் இருக்கிறது. தமிழிலும் மாவு இருக்கிறது. அச்சு அசலாக ஒரே ஒலி, அதுவும் சொந்தக்கார மொழி. ஆனால் கன்னட மாவு என்றால் மாமரம். நாம் தோசைக்குக் கரைப்பது அங்கே ஹிட்டு. ஆக, கன்னட மாவுக்கு நம் மாவு சொந்தமில்லை, நம் மாமரத்தின் மா-தான் சொந்தம். ரத்த உறவுள்ள மொழிகளுக்குள்ளேயே ஒலியை நம்பினால் இப்படி ஆள் மாறிப் போய்விடும். பிறகு எதை நம்புவது? பால், ஹாலு, பல், ஹல்லு, பத்து, ஹத்து, பன்றி, ஹந்தி, புலி, ஹுலி, பாடு, ஹாடு. ஒலி ஒத்தா போகிறது? ஒவ்வொரு இடத்திலும் மாறுகிறது, ஆனால் ஒரே மாதிரி மாறுகிறது. பழைய கன்னடக் கல்வெட்டுகளைப் பார்த்தால் அங்கே ப-வே இருக்கிறது. கால்டுவெல் 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதியபோது இந்த மாதிரி ஒழுங்கை நம்பித்தான் எழுதினார்.

தமிழுக்குத் தூரத்து உறவு தேட எனக்கும் ஆசைதான், நடுவர் அவர்களே, எதிரணியைவிட அதிக ஆசை. அந்த உறவு இருக்கிறது, பலுசிஸ்தான் மலைகளில் இருக்கிறது. பிராகுயி என்ற திராவிட மொழி அது. கண்ணை 'ஃகன்' என்கிறார்கள், கல்லை 'ஃகல்' என்கிறார்கள், நம் க அங்கே தொண்டையில் உரசி வருகிறது. வாய்க்கு 'பா', வருவதற்கு 'பர்', நம் வ அங்கே உதட்டில் அழுந்தி வருகிறது. இரண்டுக்கு 'இரட்', மூன்றுக்கு 'முசிட்'. இத்தனை தூரம், இத்தனை நூற்றாண்டு, சுற்றிலும் வேறு மொழிகள், அதற்கு நடுவில் ஒழுங்கு தப்பாமல் வந்து நிற்கிற சொற்கள் இவை. இவ்வளவு உறுதியான சொந்தத்தை வைத்துக்கொண்டு, ஒற்றை மாவைக் காட்டிச் சீனாவில் பங்காளி கேட்கப் போகிறோமே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாளை ஒருவர் அந்தச் சீன மாவைப் பொய் என்று நிரூபித்துவிட்டால், பிராகுயியையும் சேர்த்துத்தானே சந்தேகப்படுவார்?

எதிரணிக்கு ஒரே ஒரு வேண்டுகோள். சீனக் குதிரை நம் குதிரைதான் என்றால், அதே ஒழுங்கில் இன்னும் நான்கு சொல் கொண்டுவாருங்கள்: கண், கல், வாய், இரண்டு. வந்தால் நான் எழுந்து உங்கள் பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன். நன்றி, வணக்கம்.